முதல் ஆய்வுக் கட்டுரையை எங்கே அனுப்புவது? ஒரு நூலகரின் வழிகாட்டி

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கல்லூரி நூலகர். ஆய்வு மாணவர்கள் என் மேசைக்கு வந்து கேட்கும் கேள்வி சமீபத்தில் மாறிவிட்டது. முன்பெல்லாம் "மேடம், இந்த ஜர்னல் கேர் லிஸ்ட்டில் இருக்கா?" என்பார்கள். தேடிப் பார்த்து, இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லிவிடுவேன். இப்போது "இந்த ஜர்னலை நம்பலாமா மேடம்?" என்கிறார்கள். இதற்குப் பதில் சொல்ல இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது. அப்படி உட்கார்ந்து என்னென்ன பார்க்கிறோம் என்பதை இங்கே எழுதுகிறேன். சொல்லித்தர பக்கத்தில் ஆள் இல்லாதவர்கள் தனியாகவே செய்து பார்க்கலாம். ஒரு மதியம் போதும், காசு செலவில்லை.

கேள்வி ஏன் மாறியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, அங்கீகரித்த இதழ்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. அதில் போலிகள் ஏராளமாகப் புகுந்துவிட்டதால் 2018 மே மாதம் ஒரே அடியாக 4,305 இதழ்களை நீக்கியது. அதே ஆண்டின் இறுதியில், தரமான இதழ்களைப் பட்டியலிடும் கேர் என்ற புதிய ஏற்பாட்டை அறிவித்தது. 2025 பிப்ரவரியில் அந்தக் கேர் பட்டியலையும் நிறுத்திவிட்டது. எது தரமான இதழ் என்பதை இனி அந்தந்த நிறுவனமே முடிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு உதவியாகச் சில அளவுகோல்களை மட்டும் யுஜிசி சொல்லியிருக்கிறது. பட்டியல் இருந்த காலத்திலும் அதை மட்டும் நம்பி அனுப்பியவர்கள் ஏமாந்தார்கள். நாமே சோதித்துப் பார்க்க வேண்டிய தேவை அப்போதும் இருந்தது. இப்போது வேறு வழியே இல்லை.

முதலில் உங்கள் பல்கலைக்கழக விதியைப் படியுங்கள்

2016-ஆம் ஆண்டின் யுஜிசி விதிமுறைகளில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று இருந்தது. 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறைகள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. இது பல மாணவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. அதே நேரத்தில் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் அந்த நிபந்தனையை வைத்திருக்கின்றன. சிலவற்றில் ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் (தேர்ந்தெடுத்த இதழ்களைத் தொகுத்து வைக்கும் தரவுத்தளங்கள் இவை) என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கும்.

சீனியர் சொன்னார், பக்கத்து டிபார்ட்மென்டில் சொன்னார்கள் என்று முடிவெடுக்காதீர்கள். நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்குரிய விதிமுறையை ஆய்வுப் பிரிவில் கேட்டு வாங்கிப் படியுங்கள். எத்தனை கட்டுரை, எந்த வகை இதழ், ஏற்பு வந்தால் போதுமா அல்லது அச்சாகியிருக்க வேண்டுமா, கட்டுரை எழுதியவர்களில் நீங்கள் முதல் பெயராக இருந்தாக வேண்டுமா என்பதையெல்லாம் எழுத்தில் பார்த்துவிடுங்கள். இந்தத் தெளிவு இல்லாமல், கடைசி ஆறு மாதத்தில் வரும் பதற்றத்தில்தான் புரோக்கர்களிடம் பணம் போகிறது.

வாட்ஸ்அப்பில் வரும் சலுகை

விலங்கியல் ஆய்வு மாணவி ஒருவர், தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். வெயிலிலும் சேற்றிலும் நின்று சேர்த்த தரவு. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தபோது அவர் கைப்பேசியில் ஒரு ஃபார்வர்டு மெசேஜும் இருந்தது: ஸ்கோப்பஸ் க்யூ3 (தரவரிசையில் மூன்றாவது கால்பகுதி) இதழ், நூறு சதவீதம் உத்தரவாதம், பதினைந்து நாளில் அக்செப்டன்ஸ், கட்டணம் 18,000 ரூபாய், பாதி முன்பணம், எல்லாத் துறைகளும் ஏற்கப்படும். கடைசி வரியில், "ஆத்தர் பொசிஷன் கிடைக்கும்."

இந்த மெசேஜை வரி வரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி ஆபத்து விலகிவிடும். உத்தரவாதம் என்ற சொல் வந்தாலே அங்கே மதிப்பாய்வு இல்லை என்று பொருள். உண்மையான இதழில் ஆசிரியர் உங்கள் கட்டுரையை அதே துறையின் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். அவர்கள் சம்பளம் எதுவும் வாங்காமல், தங்கள் வேலைகளுக்கு நடுவே படித்துக் கருத்து எழுதுவார்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று ஆசிரியருக்கே முன்கூட்டித் தெரியாது. அப்படியிருக்க ஒரு புரோக்கர் எதை வைத்து உத்தரவாதம் தருகிறார்?

கட்டணம் வாங்கும் நல்ல இதழ்கள் உண்டு. ஆனால் அந்தத் தொகை இதழின் தளத்தில் வெளிப்படையாக இருக்கும். பெரும்பாலும் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகே கேட்பார்கள், பதிப்பாளர் பெயரில் ரசீது வரும். ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு முன்பணம் அனுப்பச் சொல்லும் இதழ், இதழே அல்ல. விலங்கியலும் வணிகவியலும் சிவில் இன்ஜினியரிங்கும் தமிழ் இலக்கியமும் ஒரே இதழில் ஏற்கப்படுமானால், இத்தனையையும் படித்து மதிப்பிட அங்கே யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

"ஆத்தர் பொசிஷன்" என்பது எல்லாவற்றையும் விட மோசமானது. யாரோ தயாரித்த கட்டுரையில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று விலை வைத்து விற்கிறார்கள். இப்படிக் கட்டுரைகளை மொத்தமாகத் தயாரித்து விற்கும் கும்பல்களைப் பேப்பர் மில் என்பார்கள். பெயர் வாங்கியவர் பல வருடம் கழித்து, வேலையில் இருக்கும்போதுகூட மாட்டலாம். தரவைக் காட்டு என்று கேட்டால் அவரிடம் காட்ட எதுவும் இருக்காது.

இந்த வியாபாரத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 2013-ல் சயின்ஸ் இதழுக்காக ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், லைக்கன் எனப்படும் பாசிக்காளானிலிருந்து எடுத்த வேதிப்பொருள் புற்றுநோய் செல்களைத் தடுக்கிறது என்று ஒரு போலிக் கட்டுரையை எழுதினார். துறை தெரிந்த யாரும் உடனே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளை வேண்டுமென்றே வைத்து, அதன் பல வடிவங்களை, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஓப்பன் ஆக்சஸ் வகை இதழ்கள் 304-க்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, 2019 மார்ச்சில் ஐந்து கோடி டாலருக்கும் மேல் கட்டச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வாங்கியது. போலி இதழ்களைப் பட்டியலிட்டு உலகத்துக்கு முதலில் உரக்கச் சொன்ன ஜெஃப்ரி பீல், கொலராடோ பல்கலைக்கழகத்தில் என்னைப் போல ஒரு நூலகர்தான். 2017 ஜனவரியில் அவருடைய பட்டியல் இணையத்திலிருந்து போய்விட்டது. அதன் பழைய நகல்களை வைத்து இன்றைய இதழ்களை மதிப்பிட வேண்டாம், காலம் கடந்துவிட்டது.

அந்த ஒரு மதியத்தில் செய்ய வேண்டியவை

ஐஎஸ்எஸ்என் எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு இதழுக்கும் தரப்படும் அடையாள எண், நான்கு நான்காகப் பிரித்த எட்டு இலக்கம் அது. கடைசி இலக்கம் ஒரு சோதனை எண். பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் கரன்ட் சயின்ஸ் இதழின் எண் 0011-3891. முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 65 வரும். அதைப் 11-ஆல் வகுத்தால் மீதி 10. 11-லிருந்து மீதியைக் கழித்தால் 1, அதுதான் கடைசி இலக்கம். (கழித்து 10 வந்தால் X என்றும், 11 வந்தால் 0 என்றும் இருக்கும்.) கணக்கு ஒத்துவராத எண்ணைப் போட்டிருக்கும் இதழை அங்கேயே மூடிவிடலாம். கணக்கு சரியாக வந்தால், பாரிஸில் இருக்கும் ஐஎஸ்எஸ்என் சர்வதேச மையத்தின் போர்ட்டலில் அந்த எண்ணைத் தேடுங்கள். இதழின் பெயர், நாடு, பெரும்பாலும் தள முகவரி எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். "எங்களுக்கு ஐஎஸ்எஸ்என் இருக்கிறது" என்று சிலர் பெருமையாகப் போட்டுக்கொள்வார்கள். அது அடையாள எண் மட்டுமே. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது ஸ்கோப்பஸ். இங்கே எந்தத் திசையிலிருந்து போகிறோம் என்பது முக்கியம். இதழின் தளத்தில் ஸ்கோப்பஸ் முத்திரை இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், படத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஸ்கோப்பஸ் தளத்துக்கே போய், சோர்சஸ் என்ற பக்கத்தில் ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். சந்தா இல்லாமலே திறக்கும். அங்கே எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது என்று இருக்கும். தொடர்ச்சி நிறுத்தப்பட்டிருந்தால் பெயருக்குப் பக்கத்திலேயே சொல்லியிருப்பார்கள். மாணவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். இதழ் ஸ்கோப்பஸில் இருந்தது உண்மை, ஆனால் மூன்று வருடம் முன்பே வெளியே போட்டுவிட்டார்கள். வெப் ஆஃப் சயின்ஸுக்கும் மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட் என்று இலவசப் பக்கம் உண்டு.

பட்டியலில் பெயர் இருந்தாலும் வேலை முடியவில்லை. கடத்தப்பட்ட இதழ் என்று ஒரு வகை இருக்கிறது. உண்மையான ஒரு பழைய இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் அப்படியே எடுத்து, வேறு முகவரியில் ஒரு போலித் தளம் கட்டிக் கட்டுரை வாங்குவார்கள். இணையத்தில் பெரிதாக இடம்பிடிக்காத சிறிய கல்விக் கழகங்களின் இதழ்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. போலித் தளங்களின் கட்டுரைகள் ஸ்கோப்பஸுக்குள்ளேயே நுழைந்த சம்பவங்களும் உண்டு. ஆகவே ஸ்கோப்பஸ் காட்டும் பதிப்பாளர் பெயரும், ஐஎஸ்எஸ்என் போர்ட்டல் காட்டும் தள முகவரியும், உங்களுக்கு வந்த இணைப்பும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். திரும்பப் பெறப்படும் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தளத்தில் 2022 முதல் ஹைஜாக்டு ஜர்னல் செக்கர் என்ற பட்டியல் இருக்கிறது. அதிலும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

மேலே சொன்ன விலங்கியல் மாணவிக்கு வந்த இணைப்பு இந்தக் கட்டத்தில்தான் உடைந்தது. பெயர் சரி, எண் சரி, தளம் மட்டும் வேறு. உண்மையான இதழுக்கும் பறவைகளுக்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம் ஆசிரியர் குழு. அதிலிருந்து இரண்டு பெயரை எடுத்து, அவர்கள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் தேடுங்கள். அப்படி ஒருவர் இருக்கிறாரா? அவருடைய சுயவிவரத்தில் இந்த இதழின் பெயர் வருகிறதா? சந்தேகம் இருந்தால் அவருக்கே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். "இந்த இதழின் குழுவில் தாங்கள் இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள், உறுதிப்படுத்த முடியுமா" என்று மரியாதையாக இரண்டு வரி போதும். பெரிய பேராசிரியர்களுக்கு எழுதத் தயங்குகிறார்கள் நம் பிள்ளைகள். தயங்க வேண்டாம். தங்கள் பெயரை யாராவது திருடியிருந்தால் அது அவர்களுக்கும் தெரிய வேண்டுமே.

கடைசியாக, அந்த இதழில் வந்த மூன்று கட்டுரைகளைப் படியுங்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாச் சோதனைகளையும் விட இது மேலானது. பெரும்பாலானவர்கள் இதைத்தான் செய்வதில்லை. தாங்கள் ஒருநாளும் படித்திராத இதழில் தங்கள் ஐந்து வருட உழைப்பைப் போடுகிறார்கள். உங்கள் ஆய்வுக்கு அந்தக் கட்டுரைகளில் ஒன்றாவது பயன்படுமா என்று பாருங்கள். முதல் பக்கத்தில் கட்டுரை வந்த தேதி, திருத்திய தேதி, ஏற்ற தேதி இருக்கும். எல்லாமே ஒரு வாரத்துக்குள் முடிந்திருந்தால் யாரும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழியையும் கவனியுங்கள். திருட்டு தெரியாமல் இருக்க மென்பொருளால் சொற்களை மாற்றியவர்கள், ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்று வர வேண்டிய இடத்தில் கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ் என்று விட்டுவிடுகிறார்கள். கியோம் கபனாக் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2021-ல் இதை வெளிக்கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் அந்த இதழில் படிப்பவர் யாருமில்லை.

பெரிய பெயர் போதாதா?

போதாது. வைலி நிறுவனம் 2021-ல் ஹிண்டாவி என்ற பதிப்பகத்தை ஏறக்குறைய 30 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பல இதழ்கள் வெப் ஆஃப் சயின்ஸில் இருந்தன, இம்பாக்ட் ஃபேக்டரும் (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) இருந்தது. சிறப்பிதழ்கள் வழியாகப் பேப்பர் மில்கள் உள்ளே புகுந்தது தெரியவந்து, 2023-ல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். கடைசியில் ஹிண்டாவி என்ற பெயரையே கைவிட்டார்கள். அதே 2023 மார்ச்சில் வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் அதிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட இதழ்களை நீக்கியது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுரை வெளியிட்ட எம்டிபிஐ நிறுவனத்தின் பொதுச் சுகாதார இதழ் ஒன்றும் அதில் இருந்தது. நேர்மையாக எழுதி அங்கே போட்டவர்களுக்கும் இதனால் கெட்ட பெயர்தான்.

சிறப்பிதழுக்கு எழுதச் சொல்லி அழைப்பு வந்தால், அழைக்கும் விருந்தினர் ஆசிரியர் உங்கள் துறைக்காரர்தானா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அழைக்கிறாரா என்று பாருங்கள். "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே" என்று முதலாம் ஆண்டு ஆய்வாளருக்கு வரும் கடிதத்தை அழித்துவிடலாம்.

இம்பாக்ட் ஃபேக்டர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெயருக்கு உரிய எண்ணைக் கணக்கிடுவது கிளாரிவேட்டின் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸ், ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஜூனில். முன்னால் குளோபல், யுனிவர்சல் என்று ஏதாவது அடைமொழி சேர்த்துப் போட்டிருக்கும் எண்களைக் காசு கொடுத்து வாங்கலாம். உண்மையான எண்ணும் ஓர் இதழின் சராசரியைத்தான் சொல்கிறது, உங்கள் கட்டுரையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இலைஃப் என்ற உயிரியல் இதழ் 2023-ல், மதிப்பாய்வுக்கு எடுத்த கட்டுரையை ஏற்பது, நிராகரிப்பது என்ற முடிவையே விட்டுவிட்டு, மதிப்பாய்வாளர் கருத்துகளோடு சேர்த்து வெளியிடத் தொடங்கியது. அந்த முறையால் 2024-ல் அதன் இம்பாக்ட் ஃபேக்டரும் போனது. அதற்காக அது தரம் கெட்ட இதழாகிவிடவில்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழக விதி அந்த எண்ணைக் கேட்டால் நீங்கள் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

கட்டணம் கட்டாமல் வெளியிட முடியும்

ஓப்பன் ஆக்சஸ் என்றாலே பணம் கட்ட வேண்டும் என்ற எண்ணம் எப்படியோ ஊறிவிட்டது. இது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். ஆய்வு உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் பிள்ளைகள் நகையை அடகு வைத்துக் கட்டுகிறார்கள். நேச்சர் இதழ் 2021 முதல் ஓப்பன் ஆக்சஸுக்கு 9,500 யூரோ என்று 2020 நவம்பரில் அறிவித்தது, அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். எந்த அரசுக் கல்லூரி மாணவர் கட்ட முடியும்?

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, படிப்பவரிடமும் எழுதுபவரிடமும் பணம் வாங்காத இதழ்கள். டைமண்ட் ஓப்பன் ஆக்சஸ் என்று சொல்வார்கள். 2003-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டிஓஏஜே என்ற ஓப்பன் ஆக்சஸ் இதழ்த் தொகுப்பில் இன்று 20,000-க்கும் மேற்பட்ட இதழ்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேல் கட்டணம் வாங்காதவை. கட்டணமில்லாதவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி அந்தத் தளத்திலேயே உண்டு. போஹானன் சோதனைக்குப் பிறகு அவர்கள் தங்கள் விதிகளை இறுக்கி, எல்லா இதழ்களையும் மறுபடி விண்ணப்பிக்க வைத்தார்கள் என்பதால் நான் அதை நம்பிப் பரிந்துரைக்கிறேன். நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸா, காட்டுயிர் பற்றிய கட்டுரைகளை யாரிடமும் கட்டணம் வாங்காமல் வெளியிடுகிறது. நீர்ப்பறவை மாணவியிடம் முதலில் அதைத்தான் திறந்து காட்டினேன். தன் கட்டுரையில் மேற்கோள் காட்டிய மூன்று கட்டுரைகள் அங்கே வந்தவை என்று அப்போதுதான் அவர் கவனித்தார். நீங்களும் அப்படித் தேடுங்கள். உங்கள் மேற்கோள் பட்டியலில் எந்த இதழ் அடிக்கடி வருகிறதோ, உங்கள் கட்டுரையின் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இரண்டாவது, சந்தா இதழ்கள். எல்சவியர், ஸ்பிரிங்கர் போன்ற பதிப்பாளர்களின் பல இதழ்கள் ஹைபிரிட் வகை. கட்டுரை ஏற்கப்பட்டதும் ஒரு படிவம் வரும். ஓப்பன் ஆக்சஸ் என்றால் இவ்வளவு டாலர் என்று ஒரு பொத்தான், சந்தா முறை என்று இன்னொரு பொத்தான். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் எதுவும் கட்ட வேண்டாம். அந்தப் படிவத்தைப் பார்த்துப் பயந்து கட்டுரையையே திரும்பப் பெறப் போனவர்களை நான் தடுத்திருக்கிறேன். வண்ணப் படங்களுக்கும் பக்கங்களுக்கும் கட்டணம் வாங்கும் இதழ்கள் சில உண்டு, அதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

"சந்தா இதழில் போட்டால் யாரும் படிக்க முடியாதே மேடம்?" என்று கேட்பார்கள். மூன்றாவது வழி அதற்குத்தான். பதிப்பாளர் வடிவமைத்த பிடிஎஃப்பை நீங்கள் பொதுவில் போட முடியாது. ஆனால் மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட உங்கள் சொந்த வேர்ட் கோப்பை, உங்கள் பல்கலைக்கழகத்தின் இணையச் சேமிப்பகமான நிறுவனக் களஞ்சியத்தில் போடப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன. சில உடனே, சில ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து. எந்த இதழ் என்ன அனுமதிக்கிறது என்பதை பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் ஓப்பன் பாலிசி ஃபைண்டர் தளத்தில் தேடலாம். ஷெர்பா ரோமியோ என்ற பழைய பெயரில் பலருக்கு இது தெரிந்திருக்கும். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை (டிஎஸ்டி), உயிரித் தொழில்நுட்பத் துறை (டிபிடி) நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு 2014 முதலே இப்படிப் பொதுவில் வைக்க வேண்டும் என்ற கொள்கை இருக்கிறது. ஆகவே ஏற்கப்பட்ட அந்தக் கடைசிக் கோப்பைத் தொலைத்துவிடாதீர்கள்.

1991-ல் இயற்பியலுக்காகத் தொடங்கிய ஆர்கைவ் தளம் இன்று கணிதம், கணினியியல் ஆட்களுக்கும் இருக்கிறது. உயிரியலுக்கு பயோஆர்கைவ் 2013-ல் வந்தது. மதிப்பாய்வுக்கு முந்தைய வடிவத்தை அங்கே போட்டால் தேதியோடு பதிவாகும், உங்கள் கருத்தை வேறொருவர் முந்திக்கொள்வார் என்ற பயம் குறையும். நீங்கள் குறிவைக்கும் இதழ் அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இதைப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக வெளியீடாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

படிப்பதற்கு என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் உதவும். மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். அரசு நிறுவனங்களில் இருப்பவர்கள் தங்கள் நூலகரிடம் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். தனியார் கல்லூரியில் இருந்தால் பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒருநாள் உட்கார அனுமதி கேளுங்கள், அல்லது கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

பெயரும் இனிஷியலும்

நம் ஊர்ப் பெயர்களுக்கு இது தனிப் பிரச்சினை. ஒரே பெண், முதல் கட்டுரையில் அப்பாவின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் இனிஷியல், வெளிநாட்டு இதழ் கடைசிப் பெயர் கேட்டதால் அப்பாவின் முழுப்பெயர் என்று மூன்று ஆளாக ஸ்கோப்பஸில் இருப்பார். எஸ். குமார் என்று தேடினால் எத்தனை ஆயிரம் பேர் வருவார்கள்! முதல் கட்டுரைக்கு முன்பே, பெயரை எப்படி எழுதுவது என்று முடிவு செய்து கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்சிட் என்ற 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாக எடுத்து, எல்லாக் கட்டுரைகளிலும் போடுங்கள். இனிஷியல் மாறினாலும் அந்த எண் மாறாது.

சாட்ஜிபிடி பயன்படுத்தலாமா?

ஆங்கிலம் திருத்தப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன, ஆனால் பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும். அதைக் கட்டுரை எழுதியவராகப் போட முடியாது என்று வெளியீட்டு நெறிமுறைக் குழுவான கோப் 2023-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது, கட்டுரைக்குப் பொறுப்பேற்க அதனால் முடியாதே. 2024-ல் ஃபிரன்டியர்ஸ் பதிப்பகத்தின் ஓர் இதழில், செயற்கை நுண்ணறிவு வரைந்த அபத்தமான எலிப் படம் ஒன்று மதிப்பாய்வைத் தாண்டி அச்சாகி, சில நாளில் திரும்பப் பெறப்பட்டது. மேற்கோள்களை அதனிடம் கேட்கவே கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைகளை நம்பும்படி எழுதித் தரும். ஒவ்வொரு டிஓஐ எண்ணையும் (கட்டுரைக்குரிய நிரந்தர இணைய அடையாள எண்) நீங்களே திறந்து பாருங்கள். நீங்கள் மேற்கோள் காட்டும் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று அறிய, ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளம் இருக்கிறது. 2023-ல், டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு அதை வாங்கி எல்லாருக்கும் இலவசமாக்கியது. ஜோட்டெரோ மென்பொருளில் மேற்கோள்களை வைத்திருந்தால், அப்படிப்பட்ட கட்டுரைகளை அதுவே சிவப்பில் காட்டிவிடும். உயர்கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் 2025 முதல், திரும்பப் பெறப்படும் கட்டுரைகளால் கல்லூரியின் மதிப்பெண்ணும் குறைகிறது.

தமிழ், வரலாறு, சமூகவியல் ஆய்வாளர்களுக்கு

மேலே சொன்ன தொகுப்புகளில் தமிழில் வரும் இதழ்கள் மிகக் குறைவு. அதனால் கேர் பட்டியல் போனதில் அதிகம் தடுமாறுவது தமிழ்த்துறைப் பிள்ளைகள். ஸ்கோப்பஸ் வேண்டும் என்று தமிழ்க் கட்டுரையை அவசரமாக ஆங்கிலமாக்கிப் போலி இதழில் போடுவதை விட, உங்கள் துறைத் தலைவர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் கொடுத்து, எந்தெந்தத் தமிழ் இதழ்கள் ஏற்கப்படும் என்று எழுத்தில் கேளுங்கள். இனி நிறுவனமே முடிவு செய்யலாம் என்று யுஜிசி சொல்லியிருப்பதால் இப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆசிரியர் குழு, மூன்று கட்டுரை வாசிப்பு ஆகிய இரண்டு சோதனைகளும் தமிழ் இதழ்களுக்கு அப்படியே பொருந்தும். சோத்கங்கா களஞ்சியத்தில் உங்கள் தலைப்பை ஒட்டிய ஆய்வேடுகளைத் திறந்து, அவர்கள் எங்கே வெளியிட்டார்கள் என்று பார்ப்பதும் நல்ல வழி.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால்

கட்டுரையை அனுப்பிய பிறகு சந்தேகம் வந்தால், உடனே இதழின் ஆசிரியருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள்: இந்தத் தேதியில் அனுப்பிய இந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், வெளியிட அனுமதி இல்லை, காப்புரிமைப் படிவத்தில் நான் கையெழுத்திடவில்லை. கைடையும் உங்களோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர்களையும் நகலில் சேருங்கள். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும் வரை கட்டுரை உங்களுடையது. ஆகவே இதழைச் சோதித்து முடிக்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

போலி இதழ்கள் இந்த இடத்தில் "வித்டிராயல் சார்ஜ்" என்று ஒரு தொகை கேட்பார்கள். கட்டாவிட்டால் உங்களைக் கருப்புப் பட்டியலில் சேர்ப்போம், பல்கலைக்கழகத்துக்கு எழுதுவோம் என்று மிரட்டுவார்கள். கட்டாதீர்கள். ஒருமுறை கட்டினால் மறுபடி கேட்பார்கள். நீங்களே முந்திக்கொண்டு கைடிடமும் ஆய்வுப் பிரிவிலும் சொல்லிவிட்டால் அந்த மிரட்டலுக்கு வேலை இல்லை. பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் கிரைம் உதவி எண் 1930-ல் புகார் கொடுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

எல்லா மின்னஞ்சல்களையும் பணம் அனுப்பிய ரசீதையும் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். அவர்கள் உங்கள் கட்டுரையை அனுமதியில்லாமல் வெளியிட்டிருந்தால், அடுத்து ஒரு நல்ல இதழுக்கு அனுப்பும்போது கவர் லெட்டரில் நடந்ததைச் சொல்லி இந்த ஆதாரங்களையும் இணையுங்கள். முடிவு அந்த ஆசிரியர் கையில் இருக்கிறது. மறைத்து அனுப்பினால் ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் வெளியிட்டதாகவே அவர் எடுத்துக்கொள்வார்.